ஸ்கேனில் தெரிந்த மஞ்சள் கரு: முட்டையிடும் பாலூட்டிகள் எங்கிருந்து வந்தன?

போன ஆவணியில் அண்ணிக்கு முதல் ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு வாரம் முடிந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து பஸ் இறங்கி வந்ததுமே அண்ணன் அந்த ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். வீட்டில் விலங்கியல் படித்தவள் நான்தான். "யோக் சாக் தெரியுதுன்னு போட்டிருக்கு. யோக்னா முட்டையோட மஞ்சக்கருதானே? அது எதுக்கு இதுல வருது?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற அவர் மகளுக்குக் கண் அகன்றுவிட்டது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். "அத்தை, அப்ப பாப்பா முட்டைக்குள்ளயா இருக்கு?"

இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டதில் பாதி சரி. மனிதக் கருவுக்கும் மஞ்சள் கருப்பை உண்டாகிறது. உள்ளே மஞ்சள் கரு மட்டும் இருக்காது. பை இருக்கிறது, பண்டம் இல்லை. ஏன் அப்படி என்று சொல்ல வேண்டுமானால், இன்றும் முட்டையிட்டுக்கொண்டே பாலும் கொடுக்கிற சில விலங்குகளின் கதையைச் சொல்ல வேண்டும். அன்று திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பாலூட்டி என்றால் என்ன?

"குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது பாலூட்டி" என்றுதான் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். தமிழில் அந்தப் பெயரைக் கவனித்துப் பாருங்கள். பாலூட்டி. குட்டி போடுவதைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. பெயர் சரியாகத்தான் இருக்கிறது. நாம்தான் முன்னால் ஒரு "குட்டி போட்டு" சேர்த்துவிட்டோம்.

குட்டி போடுவது பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியதும் அல்ல. நம் வயல்களில் அறுவடை நேரத்தில் பயந்து பயந்து கால் வைக்கிறோமே, அந்தக் கண்ணாடி விரியன் முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடுகிறது. மண்ணுளிப் பாம்பும் அப்படித்தான். பால் கொடுக்காது, அவ்வளவுதான்.

என் அம்மா, அதாவது அவளுடைய அப்பாயி, இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது குட்டி போடும், காது தெரியாவிட்டால் முட்டை போடும். ஆடு, மாடு, நாய், அணில், வௌவால் எல்லாம் ஒரு பக்கம். கோழி, காக்கை, ஓணான், ஆமை மறுபக்கம். நாகப்பட்டினத்துக் கடலில் துள்ளுகிற ஓங்கில் என்ற டால்பினும் நம் கண்ணாடி விரியனும் இந்தக் கணக்கில் அடங்காது. ஆனால் வாத்தைப் போன்ற அலகும் ரோம உடம்பும் உள்ள பிளாட்டிபஸ் அடங்கும்! அதற்கு வெளிக்காது கிடையாது, முட்டையும் போடுகிறது. பார்க்காத ஊரின் விலங்குக்கு அம்மாவின் கணக்கு பலித்ததில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

இன்று உலகில் முட்டையிடும் பாலூட்டிகள் மொத்தம் ஐந்தே இனம். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி ஆறுகளிலும் டாஸ்மேனியாவிலும் வாழும் பிளாட்டிபஸ் ஒன்று. மற்ற நான்கும் எகிட்னாக்கள். முள்ளம்பன்றியைப் போல உடலெங்கும் முள்ளும், குழல் போல நீண்ட மூக்கும், இரையை இழுக்கும் நாக்கும் உள்ளவை. நான்கில் மூன்று இனம் நியூகினித் தீவில் மட்டும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை 1961-ல் பிடித்த ஒரே ஒரு மாதிரியை வைத்துத்தான் விஞ்ஞானிகள் அறிந்திருந்தார்கள். 2023-ல் இந்தோனேசியாவின் பாப்புவாவில் உள்ள சைக்ளாப்ஸ் மலையில் மரத்தில் கட்டிவைத்த கேமராவில் அது நடந்து போனது பதிவானது.

பிளாட்டிபஸ் ஆற்றங்கரையில் வளை தோண்டுகிறது. குடமுருட்டிக் கரையில் எலி வளையையும் நண்டு வளையையும் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது சுலபம். தாய் உள்ளே போய், வழியை மண்ணால் அடைத்துக்கொண்டு, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. வாலை மடக்கி வயிற்றோடு சேர்த்து முட்டைகளை அணைத்துக்கொண்டு சுமார் பத்து நாள் கிடக்கும். எகிட்னா ஒரே ஒரு முட்டைதான் இடும், அதையும் வயிற்றில் உண்டாகிற பையில் வைத்துக்கொள்ளும். இரண்டின் குஞ்சுக்கும் முட்டையைக் கிழிக்க முட்டைப்பல் இருக்கிறது. வெளியே வரும்போது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் அதிகம் இருக்காது. கண் திறந்திருக்காது, உடம்பில் ரோமம் இருக்காது.

அப்புறம் பால். தாய்க்குக் காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் இரண்டு இடத்தில், ரோமத்தின் அடியிலிருந்து பால் கசியும். குஞ்சு அந்த இடத்தை உறிஞ்சிக் குடிக்கும். பிளாட்டிபஸ் குஞ்சு மூன்று நான்கு மாதம் வளைக்குள்ளேயே கிடந்து பால் குடித்துத்தான் வளர்கிறது. முட்டைக்குள் இருந்தது பத்து நாள், பாலை நம்பி இருப்பது நூறு நாள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம்பாதவர்கள்

1798-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பிளாட்டிபஸின் உலர்ந்த தோல் இங்கிலாந்துக்குப் போனது. அதை ஆராய்ந்து 1799-ல் விவரித்த ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகை வேறொரு விலங்கோடு ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அறுவடை முடிந்த வயலில் மேய்ச்சலுக்கு இறங்கும் வாத்துகள் சேற்றைச் சலித்துச் சலித்து இரை தேடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே வடிவ அலகு, நீர்நாய் போன்ற ரோம உடம்பில் இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

உண்மையில் அது வாத்தலகு இல்லை. வாத்தின் அலகு நகம் மாதிரி கடினமானது. பிளாட்டிபஸின் அலகு மெத்தென்ற தோல். தண்ணீருக்குள் முங்கும்போது அது கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். பிறகு அந்த அலகின் தோலில் இருக்கிற சுமார் 40,000 உணர்விகளால், இறால் போன்ற சிறு உயிர்களின் தசை அசையும்போது உண்டாகிற நுண்ணிய மின்சாரத்தைக் கண்டுபிடித்து இரை பிடிக்கும்.

முட்டையிடுகிறதா, குட்டி போடுகிறதா என்ற சண்டை 85 ஆண்டு நடந்தது. 1820களில் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் மெக்கல் பால் சுரப்பிகளைக் கண்டுபிடித்தார். பால் இருக்கிறது என்றால் முட்டை எப்படி இருக்கும் என்று ஒரு கட்சி. முட்டை இடுகிறது என்றால் அது பாலாக இருக்காது என்று இன்னொரு கட்சி. அந்த ஆறுகளின் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்கள் முட்டைதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சொன்னதை ஐரோப்பியர்கள் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். நேரில் பார்த்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

1884-ல் வில்லியம் கால்டுவெல் என்ற இளைஞர், பழங்குடியினரின் உதவியோடு ஏராளமான விலங்குகளைக் கொன்று தேடி, ஒரு முட்டையை இட்டு இன்னொன்றை வயிற்றில் வைத்திருந்த பிளாட்டிபஸைக் கண்டார். மான்ட்ரியலில் கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு நாலே வார்த்தையில் தந்தி போனது. இவை முட்டையிடுபவை, அந்த முட்டை பறவை, ஊர்வன முட்டைகளைப் போல மஞ்சள் கரு நிறைந்தது என்பது அதன் சாரம். அந்தச் செய்தி அங்கே படிக்கப்பட்ட அதே செப்டம்பர் 2-ம் தேதி, அடிலெய்டில் வில்ஹெல்ம் ஹாக்கே எகிட்னாவின் முட்டையைக் கையில் எடுத்துக் காட்டினார்.

முக்கொம்பும் கல்லணையும்

இப்போது அவள் கேட்ட அடுத்த கேள்வி. "அத்தை, அப்ப அது பாதி பாம்பு, பாதி வாத்து, பாதி நாயா?"

பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஊர்வனவிலிருந்து பாலூட்டிக்குப் போகிற வழியில் பாதியில் நின்றுவிட்ட விலங்கு, நம்முடைய பாட்டன் என்று. இரண்டும் தப்பு. படிக்கட்டாக நினைப்பதால் வருகிற தப்பு. நம் ஊர்க்காரர்களுக்குப் படிக்கட்டைவிட ஆறு நன்றாகப் புரியும். அதனால் நான் அவளுக்கு ஆற்றைத்தான் சொன்னேன்.

மேலேயிருந்து ஒரே காவிரியாக வருகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கல்லணைக்கு வந்ததும் வெண்ணாறு பிரிகிறது. காவிரி மேலே ஓடிக் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று இன்னும் பல கிளையாகிறது. வெண்ணாறும் நீடாமங்கலம் பக்கம் வந்து பாமணியாறு, கோரையாறு என்று பிரிகிறது.

முக்கொம்புக்கு மேலே ஓடுகிற தண்ணீர், தரையில் முட்டையிட்ட முதல் நாலுகால் விலங்குகள். சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் அது இரண்டாகப் பிரிந்தது. கொள்ளிடம் பக்கம் போனவை பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர், பறவை. காவிரி பக்கம் வந்தவை நம் மூதாதையர்.

கல்லணை என்பது சுமார் 18.7 கோடி ஆண்டுக்கு முன். 2021-ல் வெளிவந்த பிளாட்டிபஸ், எகிட்னா மரபணுத் தொகுதி ஆய்வின் கணக்கு அது. அங்கே வெண்ணாறாகப் பிரிந்து போனவைதான் முட்டையிடும் பாலூட்டிகள். மீதிக் காவிரி கீழே ஓடி, கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளாகவும், நாமும் மாடும் யானையும் சேர்ந்த கூட்டமாகவும் பிரிந்தது.

வெண்ணாறு காவிரிக்குத் தாத்தா ஆகுமா? ஆகாது. இரண்டும் கல்லணையிலிருந்து ஒரே நாளில் புறப்பட்டவை, இரண்டும் அதே நேரம் ஓடியிருக்கின்றன. வெண்ணாற்றுத் தண்ணீரும் கொள்ளிடத் தண்ணீரும் ஒரே சுவையாக இருந்தால், வெண்ணாறு பாதிக் கொள்ளிடம் என்று அர்த்தமில்லை. இரண்டிலும் முக்கொம்புக்கு மேலே இருந்த பழைய தண்ணீர் இருக்கிறது. முட்டை அந்தப் பழைய தண்ணீர். அதைப் பிளாட்டிபஸ் யாரிடமிருந்தும் வாங்கவில்லை, விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விட்டுவிட்டவர்கள் நாம்.

பால் எங்கே சேர்ந்தது? கொள்ளிடத்தில் அது இல்லை, வெண்ணாற்றிலும் காவிரியிலும் இருக்கிறது. அப்படியானால் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் நடுவில்தான் சேர்ந்திருக்க வேண்டும். குட்டி போடுவது? பாலூட்டிகளில் அது கல்லணைக்குக் கீழே, காவிரிப் பக்கம் மட்டும் வந்தது. பிளாட்டிபஸின் மின்சார அலகு? கல்லணைக்குக் கீழே வெண்ணாற்றில் தனியாக உண்டானது. வாத்தலகு கொள்ளிடத்தில் வேறு வழியாக வந்தது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு இடத்தில் இந்த உவமை பொருந்தாது. கல்லணையில் வெள்ளம் அதிகமானால் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்துக்கே தண்ணீரைத் திருப்பிவிடலாம். உயிர்களில் இவ்வளவு தூரம் பிரிந்த கிளைகள் திரும்பச் சேர்வதில்லை.

வரப்பில் கிடைத்த முட்டை

முட்டை என்றதும் நமக்குக் கோழி முட்டை நினைவுக்கு வருகிறது. இந்தக் கதைக்கு அது உதவாது. சின்ன வயதில் அப்பா வரப்பு வெட்டும்போது மண்வெட்டியில் ஒரு சாரைப்பாம்பு முட்டைக் குவியல் புரண்டு வந்தது. நான் ஒன்றைக் கையில் எடுத்தேன். கனத்த தோல் மாதிரி இருந்தது. அழுத்தினால் குழிந்தது, விட்டால் மெல்ல நிமிர்ந்தது. வெளியே ஈர மண் ஒட்டியிருந்தது. அப்பா வாங்கி வரப்பின் ஈரத்திலேயே திரும்ப மூடி வைத்தார். "காஞ்சா சுருங்கிப் போயிடும்" என்றார்.

தோல் முட்டையின் குணமே அதுதான். மண்ணில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும், காற்றில் வைத்தால் நீரை இழந்துவிடும். பிளாட்டிபஸின் முட்டை இந்த ரகம். நம் முன்னோர் இட்டதும் இப்படிப்பட்ட மெல்லிய தோல் முட்டைதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்த முன்னோர் யார்? பிளாஸ்டிக் டைனோசர் பாக்கெட் வாங்கினால் அதில் முதுகில் பாய்மரம் விரித்த மாதிரி ஒன்று இருக்கும். டைமெட்ரோடான். பாக்கெட்டில் அது தவறான கூட்டத்தில் கிடக்கிறது. 27 கோடி ஆண்டுக்கு முன்பே வாழ்ந்து முடிந்த அது டைனோசர் அல்ல, நம் பக்கத்து உறவு. அடையாளம் மண்டையோட்டில் இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு திறப்பு. ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே கன்னப்பொட்டில் விரல் வைத்துப் பாருங்கள், தசை அசையும். தாடைத் தசைக்கு இடம் கொடுத்த அந்தப் பழைய திறப்பின் வாரிசுதான் நம் பொட்டுப் பகுதி.

இந்தக் கிளையினர் இந்தியாவிலும் இருந்தார்கள். சுமார் 25 கோடி ஆண்டுக்கு முந்தைய லிஸ்ட்ரோசாரஸின் எலும்புகள் வங்காளத்தின் ராணிகஞ்ச் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அதே விலங்கு தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் கிடைத்தது. எல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலம் அது.

பால் முதலில் உணவாக இல்லை

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

டைமெட்ரோடானுக்குப் பின்வந்த நம் முன்னோருக்கு மெல்ல மெல்ல உடல் சூடு கூடியது. சூடான உடம்புள்ள தாய், முட்டையை மண்ணில் புதைத்துவிட்டுப் போவதைவிட உடலோடு அணைத்து வைத்தால் கரு சீக்கிரம் வளரும். ஆனால் தோல் முட்டையைச் சூட்டில் வைத்தால் அப்பா சொன்னது நடக்கும், காய்ந்து சுருங்கும். பறவைகள் பக்கம் சுண்ணாம்பு ஓடு வந்தது. நம் பக்கம் வேறு வழி வந்தது. தாயின் தோலில், ரோமத்தின் அடியில், வியர்வை போல ஒன்று சுரந்து முட்டையை நனைத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஓலாவ் ஆஃப்டெடால் 2002-ல் விரிவாக முன்வைத்த விளக்கம் இது. பாலின் ஆரம்பம் அந்த ஈரம்தான் என்கிறார். பிளாட்டிபஸுக்கு இன்றும் ரோமத்தின் வேரோரத்தில்தான் பால் கசிகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

ஈரமான, கதகதப்பான முட்டையில் பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும். அதனால் அந்தச் சுரப்பில் கிருமியைக் கொல்லும் பொருளும் சேர்ந்தது. இதற்கு அழகான சாட்சி ஒன்று இருக்கிறது. லைசோசைம் என்று ஒரு புரதம், பாக்டீரியாவின் சுவரை உடைப்பது. நம் கண்ணீரில் இருக்கிறது, கோழி முட்டையின் வெள்ளைக் கருவில் நிறைய இருக்கிறது. அதன் மரபணு ஒருமுறை இரட்டித்து, ஒரு பிரதி கொஞ்சம் கொஞ்சமாக மாறி ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற இன்னொரு புரதமானது. அது இல்லாமல் பால் சர்க்கரை உண்டாகாது. பாலுக்கு இனிப்பு தருகிற கருவி ஒரு காலத்தில் கிருமி கொல்லியாக இருந்தது!

மாடு கன்று போட்டதும் முதலில் கறக்கிற சீம்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வேகவைப்பார்கள். கத்தியால் வெட்டும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். கன்றை நோயிலிருந்து காக்கிற எதிர்ப்புப் புரதங்கள் அவ்வளவு நிறைந்திருப்பதால்தான் அப்படி உறைகிறது. அம்மா எப்போதும் கன்றுக்குப் போதுமான அளவு விட்டுவிட்டுத்தான் நமக்குக் கறப்பார். பால் என்பது இன்றைக்கும் பாதிக் காவல், பாதி உணவு.

உணவுப் பாதி எப்போது வந்தது? பாலை உறை ஊற்றினால் தயிராகக் கட்டிப்போகிறதே, அது கேசின் என்ற புரதத்தால். மாட்டுப் பாலில் இருக்கிற கேசின் குடும்பம் பிளாட்டிபஸின் பாலிலும் இருக்கிறது. இரண்டுக்கும் இருக்கிறது என்றால் கல்லணைக்கு முன்பே வந்துவிட்டது என்று பொருள். அதாவது, நம் முன்னோர் முட்டையிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நல்ல கெட்டிப் பால் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் முட்டை, அடுத்து பால், குட்டி போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு பாலூட்டி முட்டையிடுவது அதிசயம் என்று நாம் சொல்வதைப் பழைய பாலூட்டிகள் கேட்டால், எங்களுக்கு எல்லோருமே அப்படித்தானே என்று கேட்டிருக்கும்.

நரிமணத்துக்கு அடியில்

வெண்ணாற்றுக் கிளையின் பழைய தடயங்கள் ஆஸ்திரேலியாவில் கிடைக்கின்றன. நியூ சவுத் வேல்ஸில் லைட்னிங் ரிட்ஜ் என்ற சுரங்க ஊரில், எலும்பே ஓபல் என்ற மணிக்கல்லாக மாறி வண்ணம் வீசுகிற ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. 1985-ல் ஸ்டீரோபோடான் என்று பெயரிட்டார்கள். வயது சுமார் 10 கோடி ஆண்டு. விக்டோரியா மாநிலத்தில் கிடைத்த டெய்னோலோஃபாஸ் இன்னும் பழையது, 12 கோடியைத் தாண்டுகிறது. இவற்றுக்கெல்லாம் பல் இருந்தது. இன்றைய பிளாட்டிபஸுக்குச் சிறு வயதில் பல் முளைத்து விழுந்துவிடும்.

தென் அமெரிக்காவின் படகோனியாவில் சுமார் 6 கோடி ஆண்டு பழைய பிளாட்டிபஸ் பல் கிடைத்ததாக 1992-ல் அறிவித்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியா எங்கே, அர்ஜென்டினா எங்கே? நடுவில் அண்டார்டிகா அன்று பனியில்லாமல், காடாக, இரண்டையும் இணைத்துக்கொண்டிருந்தது. கோண்டுவானா என்ற அந்தப் பெரிய நிலத்துக்குப் பெயரே நம் நடு இந்தியாவின் கோண்டு மக்களின் நிலத்திலிருந்து வந்ததுதான். இந்தியா அதிலிருந்து பிய்ந்து சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் வடக்கே நகரத் தொடங்கியது. பிய்ந்தபோது விழுந்த விரிசல்களில் ஒன்றுதான் நம் காவிரிப் படுகை. விரிசல் ஆழ்ந்து, கடல் உள்ளே வந்து, வண்டல் படிந்து நிரம்பியது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சுருள் சுருளாகக் கிடைக்கிற அம்மோனைட் சிப்பிகள் அந்தக் கடலுடையவை. நரிமணத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது துளைத்துப் போனதும் அந்தப் படிவங்களைத்தான். நாம் நாற்று நடுகிற வண்டல் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிற மெல்லிய போர்வை.

கல்லணைப் பிரிவு இந்த விரிசலுக்கு ஐந்து கோடி ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. பிரிவுக்கும் பிளவுக்கும் நடுவில் இந்தியாவும் அதே நிலத்தில்தான் ஒட்டியிருந்தது. இருந்தாலும் வெண்ணாற்றுக் கிளையின் பழைய புதைபடிவங்கள் இதுவரை கிடைத்தது ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும்தான். அந்த ஆறும் கடைமடைக்கு வரும்போது மெலிந்து ஐந்து இனமாகிவிட்டது.

நாம் எப்படி முட்டையை விட்டோம்?

"அவ்ளோ நல்லா இருந்துச்சுன்னா நம்ம ஏன் விட்டோம்?" என்றாள். சரியான கேள்வி.

பத்து நாள், நூறு நாள் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியதும் மஞ்சள் கருவுக்கு வேலை குறைந்துவிட்டது. கோழிக்குஞ்சு 21 நாளும் மஞ்சள் கருவை நம்பித்தான் முழு உருவமாகிறது. பிளாட்டிபஸின் கருமுட்டை தாய்க்குள் உருவாகும்போது 4 மில்லிமீட்டர்தான். பிறகு கருப்பையின் சுரப்பை அந்த மெல்லிய ஓட்டின் வழியே உறிஞ்சி உறிஞ்சி, ஓடும் சேர்ந்து விரிந்து, கோலிக்குண்டு அளவாகிறது. முட்டைதான், ஆனால் தாய் உள்ளேயே ஊட்டத் தொடங்கிவிட்டாள். மீதியை வெளியே பால் பார்த்துக்கொள்கிறது.

மஞ்சள் கருவை உண்டாக்க விட்டலோஜெனின் என்ற புரதத்தின் மரபணு வேண்டும். கோழிக்கு இப்படி மூன்று மரபணு இருக்கின்றன. பிளாட்டிபஸுக்கு வேலை செய்கிற மரபணு ஒன்றுதான் மிச்சம். நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவை இருந்த இடத்தில் உடைந்த துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. 2008-ல் ஆய்வாளர்கள் மனிதர்களின் மரபணுத் தொகுதியில் அந்தச் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். கைவிட்ட வீட்டில் சுவர் இடிந்தாலும் அடுப்பு மேடை தெரியுமே, அந்த மாதிரி. ஒரே நாளில் யாரும் முட்டையை விடவில்லை. பால் போதும் என்றானதும் ஒவ்வொரு மரபணுவாகப் பழுதானது, பழுதானதால் யாரும் சாகவில்லை.

ஓடும் இப்படித்தான் போனது. கங்காரு வகைகளில் கருவைச் சுற்றி மெல்லிய முட்டையுறை இன்றும் உருவாகிறது. கர்ப்பகாலத்தின் பெரும்பகுதி வரை தாய்க்குள் இருந்து, கடைசியில் கரைந்துபோகிறது. நமக்கு அந்த உறையும் இல்லை, நச்சுக்கொடி வந்து வேலையை எடுத்துக்கொண்டது.

பை மட்டும் தங்கிவிட்டது. அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. அண்ணியின் ரிப்போர்ட்டில் இருந்த அந்தச் சின்ன வட்டத்தை அவளுக்குக் காட்டினேன். சில மில்லிமீட்டர்தான் இருக்கும், உள்ளே கறுப்பு, சுற்றிலும் வெள்ளைக் கோடு. மஞ்சள் கரு ஒரு துளி இல்லாத அந்தப் பையின் சுவரில்தான், எலும்பு மஜ்ஜையும் கல்லீரலும் உருவாவதற்கு முன்பே, அவள் தம்பிக்கோ தங்கைக்கோ முதல் ரத்த அணுக்கள் உண்டாயின.